அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள்

ஏழாம் மாடி ஆறாம் எண் வீட்டுப் பெண்ணின் குரல், மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, அவளை விட்டு லிஃப்டுக்குப் போய்விட்டது. அதே வாரத்தில்தான் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள், கீழே சலூனில் முடிவெட்டும் விலையை ஏற்றினார்கள், மூன்றாம் மாடியில் ஒரு கல்யாணம் நின்றுபோனது. ஆகவே குரல் போன விஷயத்தை முதல் நான்கு நாட்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொண்டை கட்டியிருக்கும், வெந்நீர் குடிக்கட்டும் என்றார்கள்.

அவள் ஓர் அச்சகத்தில் காப்பி ஹோல்டர். மூலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உரக்கப் படிக்க, எதிரே உட்கார்ந்திருக்கும் புரூஃப் ரீடர் அச்சான தாளில் பேனாவை ஓட்டிச் சரிபார்ப்பார். அந்த உரக்கப் படிக்கிற வேலை அவளுடையது. சட்டப் புத்தகம், மருந்துப் பட்டியல், ரயில் கால அட்டவணை, எது வந்தாலும் படிப்பாள். எழுத்தை மட்டும் படித்தால் போதாது. கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி திறப்பு, அடைப்புக்குறி மூடல் எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். பதினாறு வருஷம் இப்படிப் படித்ததில் அவளுக்கு இரண்டு பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. எழுதிய காகிதம் எது எதிரே வந்தாலும் வாய் தானாகப் படிக்கும். படிக்கிறபோது அர்த்தம் மண்டைக்குள் போகாது. போகவும் கூடாது, அர்த்தம் புரிந்து படிக்கிறவர் மூலத்தில் உள்ள தப்பைத் தன்னையறியாமல் திருத்திப் படித்துவிடுவார், வேலை கெட்டுவிடும். அச்சகத்தில் அவளைக் கமா அக்கா என்று கூப்பிட்டார்கள். கட்டடத்திலும் அந்தப் பேரே நிலைத்தது.

அவள் கணவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து அழைப்புகளை இணைத்துவிடுகிறவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். போர்டுக்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். கமா அக்காவின் அப்பா அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஐந்து வாரமும் அவள் தினம் போன் செய்து, "வார்டு பதினொண்ணு கமா படுக்கை நாலு" என்று கேட்பாள். ஆறாவது வாரம் அப்பா குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார். ஊரெல்லாம் சந்தோஷப்பட்ட அந்தச் செய்தியைக் கேட்டு மனசு உடைந்துபோனவர் போர்டுக்காரர் ஒருவர்தான். பழைய பதிவேட்டிலிருந்து அவள் எண்ணை ஒரு நர்ஸைப் படிக்கச் சொல்லி, அவரே போன் செய்தார். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். அவருக்கு அவள் என்றால் அந்தக் குரல்தான். அவள் கை தெரியும், நடை தெரியும், கதவைச் சாத்துகிற விதம் தெரியும். ஆனால் அதெல்லாம் அவளைச் சேர்ந்தவை, அவள் இல்லை. தினமும் மாலை ஆறரை மணிக்கு அவள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை படிப்பாள், கமா முற்றுப்புள்ளியோடு. அவர் நடுவில் நிறுத்தி, "அந்த ரெண்டாவது கமாவை எடுத்துடு, மூச்சு முட்டுது" என்பார். அவள் அதை எடுத்துவிட்டு மறுபடி படிப்பாள். இது அவர்களுடைய கொஞ்சல். வேறு யாருக்கும் இது புரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

ஓர் அறக்கட்டளை அனுப்பிய திட்டக்காரர்கள் வந்தது ஜனவரியில். மொத்தம் மூன்று பேர். ஆளுக்கொரு சொல்லாக முதுகில் அச்சடித்த சட்டை போட்டிருந்தார்கள்: கலை, தொழில்நுட்பம், சமூகம். மூவரும் சேர்ந்து நடந்தால்தான் அறக்கட்டளையின் நோக்கம் முழுசாகத் தெரியும். கலை என்ற சட்டை தலைவியுடையது, அதனால் அவள் கலை மேடம் ஆனாள். ஒயர் சுற்றிக்கொண்டு திரிந்தவன் தொழில்நுட்பம். படிவங்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டியவன் சமூகம். இதற்கு முன் பக்கத்துத் தெரு பஸ் நிறுத்தத்தில் இவர்கள் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். உட்கார்ந்தவர் மனசு எப்படி இருக்கிறதோ அந்த நிறத்தில் அது ஒளிரும். இரண்டே நாளில் எல்லாரும் நின்றுகொண்டு பஸ் ஏறப் பழகிவிட்டார்கள். சந்தைக்கு வெளியே ஒரு விளக்குக் கம்பம் நட்டார்கள். அடியில் யாராவது பொய் சொன்னால் மங்கும். வியாபாரிகள் ஆளுக்கொரு டார்ச் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவதாக, எங்கள் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கு வாய் கொடுப்பதென்று முடிவாயிற்று. இரண்டு லிஃப்டில் ஒன்று திறப்பு விழாவன்றே நின்றுபோனது. ஓடுகிற ஒன்று இனிமேல் குடியிருப்பவர் ஒருவரின் குரலில் பேசும், மாடியின் எண்ணைச் சொல்லும், ஏதாவது கேட்டால் பதில் சொல்லும். பதினொரு வாரம் சோதனை.

குரல் கொடுக்க நாற்பத்தோரு பேர் முன்வந்தார்கள். முன்வந்தார்கள் என்றால், ஒருவரையொருவர் தள்ளிவிட்டார்கள். ஒருத்தியைத் தவிர ஒவ்வொருவரும் ஒன்பது பக்க ஒப்பந்தத்தில், சமூகம் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், ஓர் எழுத்தும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் யாருக்கும் இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. தேர்வானது கமா அக்கா. அவள் கையெழுத்தை மட்டும் பதிவு முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். சைக்கிள் அறையின் சுவரில் மெத்தைகளைச் சாத்தி, மைக் வைத்து, அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதிய காகிதக் கட்டை எதிரே வைத்தார்கள். கதவு மூடுகிறது. எடை அதிகமாகிவிட்டது, தயவுசெய்து ஒருவர் இறங்கவும். மின்தடை, சற்றுப் பொறுக்கவும். நடுநடுவே கலை மேடம் தானே எழுதிய வாக்கியங்களும் இருந்தன. நீங்கள் இறங்கிய பிறகும் நான் இங்கேதான் இருப்பேன் என்பது அதில் ஒன்று. இரண்டு காலை வேளையில் படித்து முடித்தாள். கமா முற்றுப்புள்ளிகளைப் பின்னால் வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று தொழில்நுட்பம் பெருமூச்சு விட்டான்.

கடைசித் தாளைத் திருப்பினாள். அதன் அடியில், கையெழுத்துக்காக வைத்த ஒப்பந்தம் இருந்தது. எழுதிய காகிதம் எதிரே வந்துவிட்டது, வாய் படிக்க ஆரம்பித்துவிட்டது. யாரும் தடுக்கவில்லை. சமூகம் டீ வாங்கப் போயிருந்தான். தொழில்நுட்பம் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். கலை மேடம் கண்ணை மூடி அந்தக் குரலில் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். "எனது குரலை கமா முழுமையாகவும் கமா நிபந்தனையின்றியும் கமா இத்திட்டத்திடம் ஒப்படைக்க முழு மனதுடன் சம்மதிக்கிறேன் முற்றுப்புள்ளி எனக்கென்று அதில் எதையும் மீதி வைத்துக்கொள்ளவில்லை முற்றுப்புள்ளி." ஒன்பது பக்கத்தையும் ஓர் எழுத்து பிசகாமல், பதினாறு வருஷத் தொழில் சுத்தத்தோடு படித்து முடித்தாள். கடைசி முற்றுப்புள்ளிதான் அவள் வாயிலிருந்து வந்த கடைசிச் சொல். டீ வந்தது. "சர்க்கரை இன்னும் வேணுமாக்கா?" என்று சமூகம் கேட்டான். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. டீயை அப்படியே குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

போர்டுக்காரர் முதல் மூன்று நாள் அவள் கோபத்தில் இருக்கிறாள் என்றே நினைத்தார். செய்த தப்பையெல்லாம் வரிசையாக ஞாபகப்படுத்தி மன்னிப்புக் கேட்டார். உடைந்த கண்ணாடி ஜாடிக்குக் கேட்டார். அவள் தங்கை புருஷனைப் பற்றிச் சொன்னதற்குக் கேட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன் செய்த, அவளுக்கு அதுவரை தெரியாத ஒரு காரியத்துக்கும் கேட்டு, புதிதாக மாட்டிக்கொண்டார். அவள் அவர் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக் காட்டினாள். சொல்ல முயன்றபோது அந்த இடம் அசையவே இல்லை. டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை புதுசு மாதிரி இருக்கிறது, உள்ளேதான் ஒன்றும் இல்லை என்றார். நான்காம் நாள் தொழில்நுட்பம் லிஃப்டின் கூரையில் குரல் பெட்டியையும் மைக்கையும் பொருத்தினான். ஐந்தாம் நாள் காலை போர்டுக்காரர் வேலைக்குக் கிளம்பி லிஃப்டில் கால் வைத்தார். "கதவு மூடுகிறது" என்றது லிஃப்ட். அவர் அப்படியே நின்றார்.

"இங்க என்ன பண்றே நீ?" என்றார். லிஃப்ட் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பதற வேண்டாம், உதவி வந்துகொண்டிருக்கிறது" என்றது.

அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. பன்னிரண்டு மாடியும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். அதற்குள் இருப்பது வெறும் பதிவு இல்லை, அவளேதான் என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. வெறும் பதிவு மூச்சு விடாது. இதுவோ ஏழாம் மாடி என்று சொல்வதற்கு முன் ஒரு சின்ன மூச்சு விட்டது, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் விடுகிற அதே மூச்சு. ஆனால் அவளுக்கு அங்கே அனுமதிக்கப்பட்டது அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களும் அந்த ஒப்பந்தமும் மட்டும்தான். அதற்குள்ளேயே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். மாலையில் இருவரும் சேர்ந்து லிஃப்டில் நின்றார்கள், அவள் ஊமையாக, அவர் ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "சாப்ட்டியா?" என்று அவர் கேட்டால், "மின்தடை, சற்றுப் பொறுக்கவும்" என்று மேலிருந்து பதில் வரும், அவள் பக்கத்தில் நின்று ஆமாம் என்று அவர் கையை அழுத்துவாள். "மனசுக்குக் கஷ்டமா இருக்கா?" என்றால், "எடை அதிகமாகிவிட்டது." ஒன்றுமே கேட்காதபோது சிலசமயம் தானாக ஒப்பந்தத்தை முதலிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கும். தொழில்நுட்பம் அந்தப் பகுதி பதிவானதைக் கவனிக்கவே இல்லை என்பதால் அதில் கமாக்களை யாரும் வெட்டவில்லை. கமாவோடு கேட்கிறதே என்பதற்காகவே போர்டுக்காரர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். இரண்டு மாதத்தில் ஒன்பது பக்கமும் அவருக்கு மனப்பாடம்.

அவர்கள் போகாத அலுவலகம் இல்லை. லிஃப்ட் ஆய்வாளர் வந்து, கம்பி நன்றாக இருக்கிறது, பிரேக் நன்றாக இருக்கிறது, குரல் கலைப்படைப்பு, அது தன் வரம்பில் வராது என்றார். கலை மன்றத்தில், ஏறி இறங்குவது எதுவானாலும் லிஃப்ட் ஆய்வாளரைத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். போலீஸ் நிலையத்தில் மரியாதையாக உட்காரவைத்து, "திருட்டுன்னா பொருள் காணாமப் போயிருக்கணும் சார். உங்க பொருள் எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியுதே" என்றார்கள். கலை மேடம் கேட்டதும் அழுதேவிட்டாள். நல்ல பெண், அதில் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தத்தைப் புரட்டி ஏழாம் பக்கத்தைக் கண்டுபிடித்தாள்: விலக விரும்புவோர், அறக்கட்டளை அலுவலகத்துக்கு நேரில் வந்து, தம் சொந்தக் குரலில் தெரிவிக்க வேண்டும். கமா அக்கா நேரில் போகலாம், குரல் இல்லை. குரல் இருக்கிறது, லிஃப்ட் நேரில் போகாது. போர்டுக்காரர் தலைகீழாக நின்று பார்த்ததில், கடைசியில் அறக்கட்டளையிலிருந்து இரண்டு அதிகாரிகள் கட்டடத்துக்கே வரச் சம்மதித்தார்கள். லிஃப்டுக்குள் நின்று, கோப்பைத் திறந்து, "இத்திட்டத்திலிருந்து விலக விரும்புகிறீர்களா?" என்று மேலே பார்த்துக் கேட்டார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டில் விலகுகிறேன் என்று ஒரு வாக்கியம் இல்லை. லிஃப்ட் திணறியது. நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் ஒருமுறை நின்றது. பிறகு, "கதவு மூடுகிறது" என்றது. மறுபடி கேட்டார்கள். "முழு மனதுடன் சம்மதிக்கிறேன் முற்றுப்புள்ளி" என்றது. அதிகாரிகள் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். கமா அக்கா ஓரத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடியதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. குறிக்க அந்தப் படிவத்தில் இடமும் இல்லை.

கட்டடத்தில் எல்லாருக்கும் பரிதாபம்தான். ஆனால் இருநூறு வீட்டுக்கு ஒரே லிஃப்ட். காய்கறிப் பையோடு பத்தாம் மாடி ஏறுகிறவர்கள் எத்தனை நாள் பரிதாபப்படுவார்கள்? சங்கச் செயலாளர் ஏழாம் மாடிக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றபடி, "தப்பா எடுத்துக்காதீங்க சார், தினம் சாயங்காலம் இருபது நிமிஷம் உங்களுக்குன்னு ஒதுக்கிடறோம். அதுக்கு மேல எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். ஆறரையிலிருந்து ஆறு ஐம்பது வரை என்று கீழே அறிவிப்புப் பலகையில் எழுதினார்கள். அச்சகத்தில் கமா அக்காவைத் தாள் எண்ணும் பிரிவுக்கு மாற்றினார்கள். போர்டுக்காரரின் உள்ளங்கையில் விரலால் எழுதுவதற்கு அவள் பழகினாள். பார்வையில்லாதவருக்கு எழுத்தின் வடிவத்தை முதலிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது, ‘ழ’வுக்கே ஒரு வாரம் ஆயிற்று. பதினொரு வாரம் முடிந்து இன்னொரு பதினொரு வாரம் நீட்டித்தார்கள். லிஃப்டில் பயணம் மூன்று மடங்காகியிருக்கிறது, குடியிருப்போர் கட்டடத்தோடு ஆழமாக உரையாடுகிறார்கள் என்று அறக்கட்டளையின் அறிக்கையில் வந்தது. அந்த ஏற்ற இறக்கத்தில் பாதி போர்டுக்காரர் ஒருவருடையது. திட்டத்துக்கு ஒரு விருதும் கிடைத்தது.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. திட்டம் நிறைவு பெறுகிறது, வெள்ளிக்கிழமை காலை லிஃப்டின் கூரையிலிருக்கும் பெட்டி கழற்றப்பட்டு, வேறோர் ஊரிலுள்ள அறக்கட்டளையின் காப்பகத்தில் சேர்க்கப்படும். கலை மேடம் நேரிலேயே சொல்ல வந்தாள். சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, கைக்குட்டையைச் சுருட்டியபடி, "ரொம்பப் பத்திரமா இருக்கும் சார். சூடு, குளிர் எல்லாம் ஒரே அளவா வெச்சிருப்பாங்க" என்றாள்.

"அங்க யாரு கேப்பாங்க?" என்றார் போர்டுக்காரர்.

"யாரும் கேக்க மாட்டாங்க சார். அதான் பத்திரம்."

"வேற குரலும் அங்க இருக்கும்ல? பேச்சுத் துணைக்கு?"

கலை மேடம் பொய் சொல்லத் தெரியாதவள். "நிறைய இருக்கு சார். ஆனா அதெல்லாம் வெறும் ரெக்கார்டிங். முழுசா இருக்கிறது அக்கா ஒருத்தங்கதான்" என்றாள். கமா அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

வியாழக்கிழமை அவர் விடுப்பு எடுத்தார். மனைவி அச்சகம் போன பிறகு, முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு லிஃப்டுக்குள் போனார். நான்காம் மாடித் தையற்காரர் அப்போது உள்ளே இருந்தார். அவர் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியும். போர்டுக்காரர் மைக் இருக்கிற மேல்பக்கம் முகத்தை நிமிர்த்தி, இரண்டு கையையும் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல ஆரம்பித்தாராம். "எனது குரலை கமா முழுமையாகவும் கமா நிபந்தனையின்றியும் கமா." ஒன்பது பக்கம். அவள் படித்த அதே வேகம், அதே இடத்தில் மூச்சு. நடுவில் லிஃப்ட் நான்கு முறை "மின்தடை, சற்றுப் பொறுக்கவும்" என்று குறுக்கிட்டது. ஒருமுறை "தயவுசெய்து இறங்கவும், தயவுசெய்து இறங்கவும்" என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மூடவே மாட்டேன் என்றது. அவர் இறங்கவில்லை. கடைசி முற்றுப்புள்ளியைச் சொல்லிவிட்டு, தையற்காரர் பக்கம் திரும்பி ஏதோ விசாரிக்க வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு ஏழாம் மாடியில் இறங்கிப் போனாராம்.

கமா அக்கா மாலை ஆறு மணிக்குத் திரும்பினாள். லிஃப்டுக்குள் வந்து பொத்தானை அழுத்தினாள். "கதவு மூடுகிறது" என்றது. அது அவர் குரல். மூன்றாம் மாடி என்று அவளுடைய குரல் சொன்னது, நான்காம் மாடி என்று அவருடையது சொன்னது. ஐந்தை இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். ஏழாம் மாடியில் கதவு திறந்ததும் ஓடினாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடுங்கி, நகம் பதிகிற அளவு அழுத்தி, ஏன் என்று எழுதினாள். அவர் அவள் கையைத் தேடி எடுத்து, கோணல் எழுத்தில், நிதானமாக எழுதினார்: தனியா அனுப்ப மனசு வரல. அவள் அழுதாள். சத்தமில்லாமல் அழுகிறவளைப் பார்வையில்லாதவர் எப்படித் தெரிந்துகொள்வது? உள்ளங்கையில் விழுந்த துளியை அவள் எழுதுகிற ஏதோ ஓர் எழுத்து என்று நினைத்து, என்ன எழுத்து அது என்று விரலால் தடவிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை தொழில்நுட்பம் வந்து நான்கு திருகைக் கழற்றிப் பெட்டியை எடுத்துப் போனான். செங்கல் அளவுதான் இருந்தது. இரண்டு குரல் இருப்பதாக அவன் ரசீதில் எழுதியிருந்தான். அறக்கட்டளை அதற்கு விளக்கம் கேட்கவில்லை. லிஃப்ட் மறுபடி பழையபடி ஊமையாக ஓடியது. ஆஸ்பத்திரியில் போர்டுக்காரரைப் பஞ்சு சுருட்டும் அறைக்கு மாற்றினார்கள். அடுத்த ஏப்ரலில் கலை மேடத்திடமிருந்து கமா அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் அதை அவர் கையில் எழுதி முடிக்க இரண்டு மாலை பிடித்தது. காப்பகத்தின் பத்தொன்பதாம் அலமாரிக்கு எதிரே காவலாளியின் மேஜை இருக்கிறது. அவர் பத்திரிகையை விரித்துப் போட்டுவிட்டு எழுந்து போனால், அலமாரியிலிருந்து ஒரு பெண்குரல் அதைப் படிக்கிறதாம், தலைப்புச் செய்தியிலிருந்து விளம்பரம் வரை, கமா முற்றுப்புள்ளியோடு. பெட்டியில் ஒரு ஒயர்கூட இல்லை. இன்னதைத்தான் பேசலாம் என்று கட்டளையிட இப்போது எதுவும் இல்லாததால் எல்லாவற்றையும் பேசுகிறது போலிருக்கிறது என்று கலை மேடம் எழுதியிருந்தாள். நடுவில் ஒரு ஆண்குரல், அந்த இரண்டாவது கமாவை எடுத்துவிடச் சொல்கிறதாம். பெண்குரல் எடுத்துவிட்டு மறுபடி படிக்கிறதாம். பக்கம் முடிந்ததும் இரண்டும் பேசாமல் காத்திருக்குமாம். அப்போது காவலாளி வந்து பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போவாராம். தன் பதிவேட்டில் அவர் அதை, பெட்டியின் தூசி துடைத்ததற்குப் பக்கத்தில், தினசரி வேலையாக எழுதி வருகிறார்.

கமா என்று அவள் எழுதிய இடத்தில் போர்டுக்காரர் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கமா அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலை பத்திரிகை போடுகிறவருக்கு ஒரு சீட்டு எழுதி, கதவில் செருகி வைத்தாள். பத்திரிகைக்காரர் அதை இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார், கேட்டால் எடுத்துக் காட்டுவார். இனிமேல் எங்களுக்குப் பத்திரிகை வேண்டாம், நாங்கள் வேறு ஊரில் படித்துக்கொள்கிறோம் என்று அதில் எழுதியிருக்கிறது.